கோஷ்டம் விளையும் குளிர்நாடு

நம் ஊர்களில் எந்த நாட்டு மருந்துக் கடையின் படியேறினாலும் கோஷ்டம் என்ற சரக்கு கிடைக்கும். விரல் நீளத்தில், சுருங்கி முறுக்கிக்கொண்ட பழுப்பு நிற வேர்த்துண்டு. வைத்தியர்கள் அதை லேகியத்தில் சேர்ப்பார்கள், தைலத்தில் சேர்ப்பார்கள். வீட்டுப் பெண்மணிகள் ஸ்நானப் பொடிக்கு அரைக்கும் வாசனைச் சரக்குகளிலும் அதற்கு ஓர் இடமுண்டு. இவ்வளவு பழகிய பொருள், எங்கே, எந்தச் செடியின் அடியில் விளைகிறதென்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நாங்களும் யோசித்ததில்லை. எங்களை யோசிக்க வைத்தவன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் மூலிகைக் கண்காட்சி ஒன்று நடத்தினார்கள். ஒவ்வொரு சரக்கையும் ஒரு கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 'பெயர்', 'உபயோகம்', 'விளையும் இடம்' என்று சீட்டில் மூன்று கோடுகள். கோஷ்டத்தைக் கொண்டு வந்திருந்த பையன் மூன்றாவது கோட்டில், 'நாட்டு மருந்துக் கடை' என்று தயக்கமில்லாமல் எழுதியிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் சிரித்தோம். பிறகு அந்தக் கோட்டைத் திருத்தி எழுதப் பேனாவை எடுத்தபோதுதான், என்ன எழுதுவதென்று எங்களுக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

எங்களில் ஒருவர் தாவர சாஸ்திரம் போதிப்பவர். அவர் இரண்டு கடைகளில் கோஷ்டம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். ஒன்றின் மணம் மற்றொன்றில் இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்நிறமும் வேறு. எது அசல், எது போலி என்று கடைக்காரர்களாலும் சொல்ல முடியவில்லை. "இதற்கு ஒரே வழி, விளையும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவதுதான்" என்றார் அவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கை காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் எங்கள் மூவரையும் டில்லி ரயிலில் ஏற்றிவிட்டது. தாவர ஆசிரியரைத் தவிர, சரித்திர ஆசிரியர் ஒருவர். தமிழ் ஆசிரியர் ஒருவர். போக வேண்டிய இடம், ஹிமாசலப் பிரதேசத்தில் லாஹுல் என்னும் மலைநாடு.

மலைக்கு அப்பால் வேறு உலகம்

டில்லியிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கி, காலையில் மணாலி சேர்ந்தோம். குலூ பள்ளத்தாக்கைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவதாரு மரங்கள், ஆப்பிள் தோட்டங்கள், பியாஸ் நதியின் இரைச்சல், எங்கே பார்த்தாலும் பசுமை. இந்தப் பள்ளத்தாக்கின் வடக்கே சுவர் வைத்தாற்போல் ஒரு மலைத்தொடர் நிற்கிறது. அதைக் கடப்பதற்குப் பழைய வழி ரோதாங் கணவாய்; 13,000 அடிக்கு மேற்பட்ட உயரம். குளிர்காலத்தில் பனி விழுந்து அடைத்துக்கொண்டால், அதற்கப்பால் உள்ள லாஹுல் ஜனங்கள் ஆறு மாத காலம் உலகத்தோடு தொடர்பற்று வாழ்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ந் தேதி, இந்த மலையைக் குடைந்து அமைத்த 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. முன்னெல்லாம் ஒரு பகல் பிடித்த கணவாய் வழிக்குப் பதில், இப்போது கால் மணி நேரத்துக்குள் மலைக்கு அப்பால் போய்விடலாம்.

சுரங்கத்தின் தெற்கு வாசலில் நுழைந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வடக்கு வாசலில் வெளியே வந்தபோது, கண்ணைக் கூசும் வெயில்! மேகங்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே பருவமழை இளைத்துப் போவதை நாம் அறிவோம். குற்றாலத்துச் சாரல் திருநெல்வேலிக்கு வருவதற்குள் காற்றாகிவிடுகிறதல்லவா? அதே நியாயந்தான் இங்கேயும், பத்து மடங்கு கடுமையாக. தெற்கிலிருந்து வரும் மழையை முன்மலை குடித்துவிடுகிறது. லாஹுலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் குளிர்காலத்துப் பனிதான். மலைச்சரிவுகள் மொட்டையாக, மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் வானத்தை முட்டி நிற்கின்றன. ஆற்றோரமாகவும் கிராமங்களைச் சுற்றிலும் மட்டும், யாரோ பச்சைத் துணியை விரித்து வைத்தாற்போல வயல்களும் வில்லோ மரங்களும் தெரிகின்றன.

அந்தப் பச்சைக்குக் காரணம் 'கூல்' என்று அவர்கள் சொல்லும் வாய்க்கால். பனிக்கட்டி ஆறுகள் உருகி விழும் ஓடையின் தலைமாட்டில் மடை கட்டி, மலை இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஊருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். கிராமத்தார் கூடி வெட்டியது. கூடித்தான் தூர் எடுக்க வேண்டும். முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். நம் ஊர்க் குடிமராமத்து ஞாபகத்துக்கு வந்தது. வாய்க்காலுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் புழுதி பறக்கிறது. கீழே ஒரு சாண் தூரத்தில் பட்டாணி பூக்கிறது. தண்ணீரின் மகிமையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடபுத்தகமும் சொல்ல முடியாது.

சந்திரா என்றும் பாகா என்றும் இரண்டு நதிகள் தாண்டி என்னுமிடத்தில் கூடி, சந்திரபாகா ஆகின்றன. இதுவே கீழே போய்ச் சீனாப் என்ற பெயர் பெறுகிறது. அந்தச் சங்கமத்தைத் தரிசித்துவிட்டு, 10,000 அடி உயரத்திலுள்ள கேலாங் என்ற தலைநகர் சேர்ந்தோம். மறுநாள் காலை, ஒரு கிராமத்துப் பெரியவர் எங்களைத் தம் வயலுக்கு அழைத்துப் போனார். தம் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்கள் சரித்திர ஆசிரியர் இளமையில் ஹிந்தி பிரசார சபைப் பரீட்சைகளில் தேறியவர். அவருடைய ஹிந்தியைப் பெரியவர் மிகவும் பொறுமையாகச் சகித்துக்கொண்டார்.

முட்குலத்தில் ஒரு சாது

"இதோ, உங்கள் கோஷ்டம்" என்று பெரியவர் காட்டிய செடியைப் பார்த்து, நாங்கள் சற்று ஏமாந்தோம் என்றே சொல்ல வேண்டும். வாசனைப் பொருள் என்றதும் மல்லிகை போலவோ மருக்கொழுந்து போலவோ ஏதோ மெல்லிய செடியை மனம் கற்பனை செய்திருந்தது. எங்கள் எதிரே நின்றது ஆள் உயரத்துக்கு வளர்ந்த ஒரு முரட்டுச் செடி. அடியில் யானைக் காது போன்ற பெரிய இலைகள். ஓரமெல்லாம் ஒழுங்கில்லாத பல். தடித்த தண்டின் உச்சியில், காம்பில்லாமல் நெருங்கி உட்கார்ந்த உருண்டைப் பூந்தலைகள். பூக்காலம் முடிந்துவிட்டது, ஆயினும் ஒன்றிரண்டு தலைகளில் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம் மிச்சமிருந்தது. பூந்தலையைச் சுற்றிக் கூர்மையான செதில்கள்.

தாவர ஆசிரியர் பரவசமாகிவிட்டார். ஆங்கிலேயர் 'திஸில்' என்று சொல்லும் முட்செடிக் குலத்தைச் சேர்ந்தது இது. சாஸ்திரப் பெயர் ஸாஸ்ஸூரியா காஸ்டஸ். நம் பக்கத்தில் எண்ணெய்க்காகப் பயிரிடும் குசும்பா இதற்கு நெருங்கிய உறவு. சூரியகாந்தி தூரத்து உறவு. தரிசுகளில் மஞ்சள் பூவோடு கிடக்கும் பிரம்மதண்டைச் சிலர் இந்தக் குலமென்று நினைப்பதுண்டு. அது தவறு, பிரம்மதண்டு மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்து குடியேறிய கசகசா இனத்துச் செடி. கோஷ்டமோ அசல் சுதேசி. காஷ்மீரத்தையும் அதை ஒட்டிய மேற்கு ஹிமாலயத்தையும் தவிர, உலகில் வேறெங்கும் அது தானாக முளைத்ததில்லை. குலம் முட்குலமாயினும் இதற்குக் குத்தும் முள் கிடையாது. முட்குலத்தில் பிறந்த சாது என்று சொல்லலாம்.

ஸ்காட்லாந்து தேசத்தார் தங்கள் ஊர் முட்செடியைத் தேசிய சின்னமாக வைத்துப் போற்றுகிறார்கள். உலகத்தின் சந்தைகளையெல்லாம் வேரின் மணத்தால் இழுத்து வந்த முட்செடி ஒன்று நம்மிடம் இருக்கிறது. நமக்கோ அதன் முகம்கூடத் தெரியாது.

பெரியவர் மண்வெட்டியால் ஒரு வேரைச் சிறிது கீறி மூக்கருகே நீட்டினார். அதை மணமென்று சொல்வதா, நாற்றமென்று சொல்வதா? பழந்தமிழில் இரண்டுக்கும் ஒரே பொருளாக இருந்தது இந்த மாதிரி வஸ்துக்களுக்காகத்தானோ என்று தோன்றியது. முதலில் மலரின் இனிமை; அதன் பின்னால் ஈர மண்; எல்லாவற்றுக்கும் அடியில் ஆட்டு ரோமத்தின் வீச்சம். காஷ்மீரத்தில் சால்வைப் பெட்டிகளில் இந்த வேரைப் போட்டு வைப்பார்கள், பூச்சி அண்டாது. பூச்சிக்கு ஆகாத மணம், தெய்வத்துக்கும் மனிதனுக்கும் உகந்ததாக இருப்பது விந்தைதான்!

விதையிலிருந்து வேர் வரை

கோஷ்டத்தை வளர்ப்பது சிரமமா என்று கேட்டோம். "சிரமமில்லை, மாஸ்டர்ஜீ. ஆனால் அவசரக்காரனுக்கு இந்தப் பயிர் ஆகாது" என்றார் பெரியவர். பிறகு அவர் வயலைச் சுற்றி நடந்தபடியே சொன்னதையும் நாங்கள் கண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் வேலை, விதையைக் காப்பாற்றுவது. ஆடி, ஆவணி மாதங்களில் பூ. அது முதிர்ந்து விதையாவது ஆவணி, புரட்டாசியில். ஒவ்வொரு விதைக்கும் தலையில் மயிர்க்குஞ்சம் உண்டு. நம் ஊர் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப்போல, பூந்தலை முற்றி உலர்ந்துவிட்டால் மலைக்காற்று ஒரே நாளில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆகையால் தலைகள் பழுப்பேறியதும், முற்றிலும் விரிவதற்கு முன்பே கொய்து நிழலில் உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். புதிய விதைக்குத்தான் முளைக்கும் சக்தி அதிகம். பழைய விதையை நம்பினவன் வெறும் வரப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நிலம் ஆழமாக இருக்கவேண்டும். வேர் கீழே இறங்கும் பயிராதலால், கல்லும் கரம்பையும் இருந்தால் வேர் கோணிக் கிளைத்துவிடும். மணல் கலந்த இளக்கமான மண். நீர் தங்காத சரிவு. மக்கிய தொழு உரம். விதைப்பதற்கு இரண்டு பருவங்கள். பனி விழுவதற்கு முன், ஐப்பசி வாக்கில் விதைத்துவிடலாம். அல்லது பனி உருகிய பிறகு சித்திரையில் விதைக்கலாம். ஐப்பசியில் விதைத்தால் விதை பல மாதம் பனியின் அடியில் குளிர்ந்து கிடந்து, வசந்தத்தில் ஈரம் இருக்கும்போதே முளைத்து எழுகிறது. நமக்குக் குளிர் என்றால் பயிருக்கு விரோதி. இந்தச் செடிக்கோ பனி ஒரு போர்வை. மேலே எவ்வளவு உறைந்தாலும், கனத்த பனியின் கீழே உள்ள மண் அவ்வளவு கடுமையாக உறைவதில்லை.

முளைத்த கன்றுகளை ஏறக்குறைய ஒரு முழத்துக்கு ஒன்றாகக் கலைத்து விடவேண்டும். முதல் வருஷம் களை எடுப்பதே பெரிய வேலை. சிறு கன்றைப் புல் மூடிவிடும். இரண்டாம் வருஷம் இலைகள் விரிந்து, நிழலினாலேயே களையை அடக்கிவிடும். கோடையில் கூல் முறை வரும்போது தண்ணீர். வரண்ட நாட்டுச் செடி என்று தண்ணீரே இல்லாமல் விட்டால் வேர் மெலியும். தாராளமாகப் பாய்ச்சித் தேங்கவிட்டால் வேர் அழுகும். "குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல, அளவாகக் கொடுக்க வேண்டும்" என்றார் பெரியவரின் மனைவியார். வயல் வேலையில் பெரும் பகுதியை அந்த நாட்டுப் பெண்களே செய்கிறார்கள்.

குளிர்காலம் வந்ததும் மேலே உள்ள இலையும் தண்டும் மடிந்துவிடும். செடி செத்துவிட்டதென்று புதியவர் நினைப்பார். வேர் உயிரோடு உறங்குகிறது. வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். இப்படி இரண்டு மூன்று உறக்கங்கள் கழிந்த பிறகே வேர் கட்டி, சந்தைக்குத் தகுதியாகிறது. மூன்றாம் வருஷம் புரட்டாசி, ஐப்பசியில் இலை வாடியதும் தோண்டுகிறார்கள். முள்ளங்கியைப்போல் கையால் பிடுங்கினால் வராது. முழங்கை நீளத்துக்கும் மேலே இறங்கியிருக்கும் வேரை, முனை ஒடியாமல் பக்கத்திலிருந்து அகழ்ந்து எடுக்க வேண்டும். மண்ணை உதறி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி உலர்த்துகிறார்கள். மழையில்லாத அந்த நாட்டின் வெயிலும் காற்றும் இந்த இடத்தில் பெரிய உபகாரிகள்.

ஒரு விஷயம் எங்கள் மனத்தைத் தொட்டது. வயலில் எல்லா வேரையும் பெரியவர் தோண்டவில்லை. வாய்க்கால் ஓரமாக, செழித்த செடிகள் இருபது முப்பது நின்றன. "இவை விற்பனைக்கு அல்ல. இவை விதைக்கு. என் தகப்பனார் ஒவ்வொரு வருஷமும் விட்டார், நானும் விடுகிறேன்" என்றார்.

ஒரு வேரின் சரித்திரம்

அன்று மாலை, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரைக் குடித்தபடி, சரித்திர ஆசிரியர் தம் பங்கைச் செலுத்தினார்.

வடமொழியில் இதன் பெயர் குஷ்டம். நோயின் பெயரும் அதுவே. அந்த நோய்க்கும் மருந்தாகக் கருதப்பட்டதால் நேர்ந்த பெயர்ப் பொருத்தம் போலும். நம் மொழி நல்ல வேளையாக இரண்டையும் பிரித்து, மருந்துக்குக் கோட்டம், கோஷ்டம் என்று பெயர் சூட்டிற்று. அதர்வ வேதம் இந்தச் செடியை ஹிமாலயத்தில் பிறந்ததென்று போற்றுகிறது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் குறிப்பில், சிந்து நதியின் முகத்துவாரத் துறையிலிருந்தும் பரூச் துறையிலிருந்தும் ஏற்றுமதியான சரக்குகளுள் கோஷ்டமும் ஒன்று. ரோமாபுரியில் அதற்குக் 'காஸ்டஸ்' என்று பெயர்.

இங்கே தமிழாசிரியர் சும்மா இருக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் நன்னீரில் ஐந்து விரைகள் ஊறியிருந்தன என்று வருகிறதே, அந்த ஐந்தில் அகில், ஆரம், தகரம், துருக்கம் இவற்றோடு கோட்டத்தையும் எண்ணுவது உரைகாரர் மரபு. ஆரம் என்கிற சந்தனம் நம் தென்மலைப் பொருள். கோட்டமோ வடமலைப் பொருள். ரயிலும் தபாலும் இல்லாத காலத்தில், ஹிமாலயத்து வேரும் பொதிகைச் சந்தனமும் புகார் நகரத்தில் ஒரே பாத்திரத்தில் கூடின! தேச ஒற்றுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு பாத்திரம் அவை அனைத்துக்கும் ஈடாகும்.

இவ்வளவு கீர்த்தியே செடிக்கு யமனாயிற்று. வேரை எடுப்பதென்றால் செடியைக் கொல்வது என்று பொருள். பூத்து விதை சிந்துவதற்கு முன்பே தோண்டிவிட்டால், வம்சமும் அதோடு முடிந்தது. காஷ்மீர மகாராஜாக்களின் ஆட்சியில் கோஷ்டம் சர்க்காரின் ஏகபோகச் சரக்கு; அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆயினும் விலை ஏற ஏறத் திருட்டும் ஏறிற்று. சீன தேசத்தில் ஊதுவத்திக்கும் மருந்துக்கும் இதற்கு ஓயாத தேவை இருந்தது. அங்கே இதன் பெயருக்கு 'மர வாசனை' என்று அர்த்தம்.

இந்த நிலையில்தான், 1920களில், அப்போது காங்க்ரா ஜில்லாவைச் சேர்ந்திருந்த லாஹுலின் குடியானவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். காட்டில் தோண்டுவதற்குப் பதிலாகக் கோஷ்டத்தை வயலில் விதைத்தார்கள். வருஷத்தில் பாதி பனியில் மூழ்கிக் கிடக்கும் நாட்டில், வாற்கோதுமையும் பாப்பரையும் தவிரக் காசு கண்டறியாத மக்களுக்கு, இந்த வேர் வீடு கட்டிக் கொடுத்தது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. காட்டில் அழிந்துகொண்டிருந்த செடிக்கு, வயல் அடைக்கலம் கொடுத்தது. இரு தரப்புக்கும் லாபமான ஒப்பந்தம்!

பட்டாணியின் படையெடுப்பு

ஆனால் இன்று லாஹுலின் வயல்களில் கோஷ்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கும் பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிபிளவர். காரணம் கேட்டோம், பெரியவர் விரல்விட்டு எண்ணினார்.

முதலாவது, காலம். பட்டாணி ஒரே கோடையில் பணமாகிறது. கோஷ்டத்துக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சுரங்கப்பாதை வந்தபின் காய்கறி லாரிகள் வாசலிலேயே நிற்கின்றன. இரண்டாவது, சந்தை. 20ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்திலிருந்து சீனர் நம் விதையைக் கொண்டுபோய், தங்கள் யூனான் மாகாணத்தில் பயிரிட்டு, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்கிறார்கள். மேல்நாட்டு வாசனைத் தைலக்காரர்களும், இந்த வேரின் தைலம் சிலர் தோலில் தடிப்பு உண்டாக்குகிறதென்று கண்டு, அதை விலக்கிவிட்டார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது பெரியவரின் குரல் மாறிற்று. அது சட்டம். அருகிவரும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கோஷ்டம் 1975லேயே இடம் பெற்றது. 1985ல் அதன் முதல் பட்டியலுக்கு, அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உயர்த்தப்பட்டது. நம் தேசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ல் செய்த திருத்தத்தின்படி, கோஷ்டம் முதலிய ஆறு வகைத் தாவரங்களைத் தன் காவலில் எடுத்துக்கொண்டது. காட்டில் தோண்டக்கூடாது; அதோடு, அனுமதிச் சீட்டின்றி வயலில் பயிரிடவும் கூடாது. காட்டு வேரைத் திருடி, 'வயல் வேர்' என்று சொல்லி விற்பவர்களைத் தடுக்க இது அவசியந்தான். உலர்ந்து நறுக்கிய துண்டைப் பார்த்து, அது காட்டில் பிறந்ததா வயலில் பிறந்ததா என்று யார் சொல்ல முடியும்?

"சட்டம் நல்லதுதான், மாஸ்டர்ஜீ. திருடனுக்கு அது வேண்டும். ஆனால் திருடன் சீட்டுக் கேட்டு எந்தக் கச்சேரிக்கும் போவதில்லை. நான்தான் போகிறேன். என் தகப்பனார் விதைத்த செடியை நான் விதைக்க, வருஷா வருஷம் காகிதம் எழுதுகிறேன். பட்டாணிக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். என் மகன் பட்டாணி போடலாம் என்கிறான். நான் அவனுக்கு என்ன பதில் சொல்ல?"

நாங்கள் மூவரும் பாடம் நடத்துகிறவர்கள். ஆயினும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. காட்டில் இந்தச் செடியின் நிலையை உலக விஞ்ஞானிகள் 'மிகக் கொடிய அபாயம்' என்ற வகுப்பில் வைத்திருக்கிறார்கள். வயலில் வாழ்வது காட்டில் வாழ்வதற்கு ஈடாகாது. மலைச்சரிவில் தானாக முளைத்து, தானாகச் சிந்தி, தானாகப் பெருகுவதே ஒரு செடியின் சுயராஜ்யம். அதைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டுமானால் விதை வேண்டும். அந்த விதை எங்கே இருக்கிறது? வாய்க்கால் ஓரத்தில் விற்காமல் விட்ட அந்த இருபது முப்பது செடிகளின் தலையில் இருக்கிறது. பெரியவரும் அவரைப் போன்றவர்களும் கைவிட்டால், நாளைக்கு மலையில் விதைக்க விதைகூட அரிதாகிவிடும்.

நம் பங்கு

இதில் நாம் செய்யக் கூடியது என்ன? கோஷ்டத்தை வாங்குகிறவர்கள் நாமும் நம் வைத்தியசாலைகளும்தான். வாங்கும்போது 'இது பயிரிட்ட சரக்கா? சீட்டு உண்டா?' என்று கேட்கும் வழக்கம் வந்தால், வியாபாரி தன் மொத்தக் கடையில் கேட்பான். மொத்தக் கடைக்காரர் லாஹுலில் கேட்பார். நேர்மையாக விளைவிப்பவனுக்கு இரண்டு காசு அதிகம் கிடைக்கும். போலிச் சரக்கின் அபாயமும் குறையும். அந்த அபாயம் விளையாட்டல்ல. சீன வைத்தியத்தில் கோஷ்டத்தை ஒத்த பெயருடைய வேர் ஒன்று உண்டு. நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அதில் இருக்கிறது. பெயர் ஒற்றுமையால் மாறிப்போன வேரைத் தின்று நோயாளியானவர்கள் உண்டு. சர்க்காரும், காட்டில் திருடுபவனையும் வயலில் காப்பவனையும் ஒரே கண்ணால் பாராமல், பின்னவனுக்குக் காகிதச் சுமையைக் குறைத்து, விதை வளர்ப்பதற்கென்றே ஒரு சன்மானம் அளித்தால் தகும்.

விடைபெறும்போது, எங்கள் பள்ளித் தோட்டத்தில் வைக்க ஒரு கன்று கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்டோம். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் ஊரில் பனி உண்டா?" "இல்லை." "அப்படியானால் அது எப்போது தூங்கும்?" என்றார். தூக்கமில்லாமல் எந்த ஜீவன் வளரும்? தவிரவும், சீட்டில்லாமல் கொண்டுபோவது சட்டப்படி குற்றம் என்பதையும் அவரே நினைவூட்டினார். சட்டத்தால் கஷ்டப்படுகிறவரே அதை எங்களைவிட நன்றாகக் காக்கிறார். வெறுங்கையோடு வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். மேலே மலைமுகட்டில் புதுப்பனி விழுந்திருந்தது. பெரியவரின் மகன் வயலின் மறு கோடியில் வேரை அகழ்ந்துகொண்டிருந்தான். பட்டாணிக்கு அந்த வயலைக் கொடுப்பதா, மறுபடியும் கோஷ்டத்தை விதைப்பதா என்பதை, அடுத்த பனிக்காலத்துக்குள் அப்பாவும் பிள்ளையும் தீர்மானிக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அதில் நமக்கும் பங்கு உண்டு.

பள்ளி திறந்த அன்று ஏழாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, நாங்கள் பார்த்ததையெல்லாம் சொன்னோம். அவன் கவனமாகக் கேட்டான். பழைய சீட்டை எடுத்து, 'நாட்டு மருந்துக் கடை' என்பதை அடித்துவிட்டு, 'லாஹுல், ஹிமாசலப் பிரதேசம்' என்று எழுதினான். பிறகு சிறிது நேரம் யோசித்து, கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கோடு போட்டு, 'விளைவிப்பவர்' என்று தலைப்பு எழுதி, எங்களை நிமிர்ந்து பார்த்தான்.

பெயரைச் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தோம். 'விதைக்கென்று சில செடிகளை விற்காமல் விடுகிற ஒரு குடியானவர்' என்று எழுதச் சொன்னோம்.